வெளிக்காவலர்

பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுவது. நீ ஊர் போய்ச் சேர்ந்த தகவல் கிடைத்தது. ரயிலில் ஜன்னலோரம் கிடைத்ததா, தொண்டைக் கட்டு விட்டதா என்றெல்லாம் நீ எழுதவில்லை. இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நீ கிளம்பிய பிறகு துக்கம் விசாரிக்க யாரும் வீட்டுக்குள் வரவில்லை. எதிர்வீட்டு அம்மா மட்டும் நேற்று சமையலறை ஜன்னல் பக்கம் வந்தாள். கையில் அவள் வீட்டுக்காரரின் பேன்ட் இரண்டு. கால் நீளத்தைக் குறைக்க உன் மாமாவிடம் போன மாதமே கொடுக்க நினைத்தாளாம், அதற்குள் போய்விட்டாரே என்று சொல்லி அழுதாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்புறம்தான் விளங்கியது. மாமா ஒரு நாள் அவளிடம் பெருமையாக, "சங்கத்துல இப்ப நான் டைலர்" என்று சொல்லியிருக்கிறார். அவள் அதை டெய்லர் என்று எடுத்துக்கொண்டாள். தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்வு பெற்ற மனுஷன், பாவம், இந்த வயதில் தையல் மிஷினை மிதிக்கிறார் என்று இத்தனை நாள் இரக்கப்பட்டிருக்கிறாள்.

ஃப்ரீமேசன் என்கிற அந்த ரகசியச் சங்கத்தில் டைலர் என்றால் வெளிக்காவலர், கூட்டம் முடிகிறவரை மூடிய கதவுக்கு வெளியே உருவிய வாளோடு நிற்கிறவர் என்று விளக்கினேன். "வாளா?" என்று கேட்டுவிட்டு, பேன்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாளை வாங்கிக்கொள்ளச் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கறுப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக வாசல் கேட்டருகே நின்று கூப்பிட்டார்கள். உள்ளே வாருங்கள், டீ குடித்துவிட்டுப் போகலாம் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை அம்மா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாளைக்கூட வாங்காமல் திரும்பிவிட்டார்கள். மரியாதைக்காக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். பட்டினியாக வேலைக்கு ஓடாதே.

உன் அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்கா,

என் தொண்டை சரியாகிவிட்டது. ஜன்னலோரமும் கிடைத்தது. உன் இருமலைப் பற்றித்தான் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

போனில் பேச முடிந்தால் சண்டை போட்டே கேட்டிருப்பேன். நாள் முழுக்க மற்றவர்களின் காதைப் பரிசோதிக்கிறவளுக்குச் சொந்த அக்காவோடு தபாலில்தான் பேச்சு. உனக்கு இடது காது முழுதும் போய்விட்டது, வலது காதில் பாதி மிச்சம் என்று ரிப்போர்ட் எழுதியவளே நான்தான். நான் வாங்கித் தந்த கருவியோ உன் மேஜை டிராயரில் சுகமாகத் தூங்குகிறது. எடுத்துப் போட்டுக்கொள்.

டைலர் கதையைக் கிளினிக்கில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரித்து முடித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணமான புதிதில் மாமா மாதம் ஒருமுறை 'லாட்ஜுக்குப் போறேன்' என்று சொல்லிக் கிளம்புவார், அவர்கள் கூட்டத்துக்கு அதுதான் பெயர். அக்கம்பக்கம் வேறு மாதிரி நினைக்கும் என்று நீதான் அவருக்குச் 'சங்கம்' என்று சொல்லப் பழக்கினாய். வீட்டில் ஒரு தட்டைக்கூட நகர்த்தி வைக்காத மனுஷன் அங்கே ஸ்டீவர்டாகச் சேர்ந்து எல்லோருக்கும் பரிமாறினார். பிறகு படிப்படியாக உள்காவலர், டீக்கன். வார்டன் ஆனபோது நீ கேட்டாய், எந்த ஹாஸ்டலுக்கு என்று. கடைசியில் மாஸ்டராகி ஒரு வருடம் பெரிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அந்த வருடம்தான் எனக்கு அந்தக் கூடத்தைச் சுற்றிக் காட்டினார். சுவர் முழுக்கப் படங்கள். ராஜாக்கள், தளபதிகள், சங்கீத மேதைகள், எல்லோரும் எங்க ஆளுங்க என்று ஒவ்வொருவராகக் காட்டினார். வெளிக்காவலர் படம் எங்கே என்று விளையாட்டாகக் கேட்டேன். "வெளிய நின்னவனுக்கு யாரும்மா உள்ள படம் மாட்டுவாங்க?" என்றார். மாஸ்டராக இருந்தவர் அடுத்த வருடம் அந்த வேலையைத்தான் கேட்டு வாங்கினார். ஏன் என்று நான் கேட்கவே இல்லை.

இங்கே வந்துவிடு, அக்கா. மாடியில் இரண்டு அறை, ஒன்று சும்மாதான் கிடக்கிறது. டாக்டரிடம் போனாயா என்று அடுத்த கடிதத்தில் முதல் வரியில் எழுது.

தங்கச்சி


மார்ச் 9

அன்புள்ள பொடிசுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்து நிம்மதி. இங்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது.

கூப்பிட்டதற்குச் சந்தோஷம். ஆனால் இப்போது வர முடியாது, இங்கே வேலை இருக்கிறது. டியூஷன் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுத நினைத்தேன். அவர்கள் வருவது நின்றுவிட்டது. ஒவ்வொருவராக நின்றார்கள். கடைசியில் வந்தவள் பின்னக் கணக்கென்றால் வயிற்றுவலி வருமே, அந்தக் குண்டுப் பெண். வாசல்படிக்குக் கீழே புத்தகப் பையோடு நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறாய், வா என்றேன். "டீச்சர், இங்க நிக்கிற மாமா என்னமோ கேக்குறாரு. எனக்குப் பதில் தெரியல" என்றாள். பாடம் படிக்காமல் தப்பிக்க எத்தனையோ சாக்கு கேட்டிருக்கிறேன், இது புதுசு. என்ன கேட்டார் என்றேன். யோசித்தாள். அதற்குள் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமாவின் கடைசி நேரத்தைப் பற்றி நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது சுலபமாக இருக்கிறது. நீ மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மூடியாச்சா?" என்று கேட்டார். காற்று சில்லென்று அடித்தது, வாசல் கதவைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லைங்க, திறந்துதான் இருக்கு. தங்கச்சி வருவா" என்றேன். சரி என்பது போலத் தலையை ஆட்டினார். உடம்பை நேராக்கிக்கொண்டு, வலது கையை மார்போடு மடக்கி, எதையோ நிமிர்த்திப் பிடிப்பது போல வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சாமான் எதுவும் அனுப்பாதே. எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எல்லாம் கொடுத்துவிடுகிறாள்.

உன் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்கா,

முதல் வரியில் டாக்டர் வரவில்லை. கடைசி வரியிலும் வரவில்லை. உன் கையெழுத்து மட்டும் வரிக்கு வரி கீழே சரிகிறது. கரும்பலகையில் அளவுகோல் இல்லாமல் நேர்கோடு போடுகிறவளின் கை அது.

எதிர்வீட்டு அம்மா ஏன் ஜன்னல் வழியாகக் கொடுக்கிறாள்? வாசல் என்ன ஆயிற்று?

என் வேலையில் நடக்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஆட்களைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் கருவியை மாட்டி, சத்தம் கேட்கிறபோது பொத்தானை அழுத்தச் சொல்வேன். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போவேன். ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுவேன், காதில் ஒன்றுமே போகாது. அப்போதும் சிலர் அழுத்துவார்கள். பொய் சொல்கிறவர்கள் இல்லை. அடுத்த சத்தம் வரும் என்று காத்திருந்து காத்திருந்து, வராததையும் கேட்டுவிடுகிறவர்கள். முக்கால்வாசிப் பேர் அண்மையில் யாரையோ பறிகொடுத்தவர்கள். நான் அவர்களைத் திருத்துவதில்லை, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி ஆரம்பிப்பேன்.

அந்தச் சின்னப் பெண் சொன்னதை நீ மனதில் போட்டுக்கொள்ளாதே என்பதற்காக எழுதுகிறேன். உங்கள் தெரு முனையில் இருக்கும் டாக்டருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், அவரே வீட்டுக்கு வருவார். ஒழுங்காக நாக்கை நீட்டு.

தங்கச்சி


ஏப்ரல் 26

அன்புள்ள பொடிசுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நீ எப்படி இருக்கிறாய்? நான் எழுந்து நடமாடுகிறேன், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

டாக்டர் வந்தார். முதல் படியில் ஒரு கால் வைத்தார். பிறகு, யாரோ பேசுவதைக் கவனிக்கிறவர் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றுவிட்டார். என்ன டாக்டர் என்றேன். "உத்தரவு இல்லாம நான் எப்படிம்மா உள்ள வர்றது?" என்றார். சொன்னதும் அவருக்கே குழப்பமாகி, காலைக் கீழே வைத்துவிட்டு, பக்கவாட்டில் சுற்றிச் சமையலறை ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்கு நடுவே நாக்கை நீட்டினேன், உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். மாத்திரை கொடுத்தார். மார்பில் கருவி வைத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, நீர் கோத்திருக்கிறது போல இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள் என்றார். வருகிறேன் என்றேன்.

போகப்போவதில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வெளியே போவதற்கு ஒரு தடையும் இல்லை. உன் மாமா உள்ளேயிருந்து போகிறவர்களைக் கேட்பதில்லை. ஆனால் போனால் திரும்பி வர வேண்டுமே. திரும்பி வருகிறபோது நானும் வெளியிலிருந்து வருகிற ஆள்தானே? என்னைப் பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால்? முப்பது வருடம் கூட இருந்தவளை யார் என்று கேட்டுவிட்டால், அதற்கு அப்புறம் எனக்கு எந்த வைத்தியம் வேண்டும்?

பொத்தான் கதை எழுதியிருந்தாய். நான் பொத்தானை அழுத்தவில்லை, பொடிசு. உள்ளேயிருந்து கதவை மூன்று தட்டு தட்டுகிறேன். வெளியிலிருந்து மூன்று தட்டு வருகிறது. உன் ரிப்போர்ட் எனக்குத் தெரியும். டிராயரை நான் திறக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மே 4

மதிப்பிற்குரிய செயலர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சங்கத்தின் வெளிக்காவலராக இருந்து ஜனவரியில் காலமானவர் என் அக்காவின் கணவர். காவல் நின்ற ஒரு குளிர் இரவுக்குப் பிறகுதான் அவர் காய்ச்சலில் விழுந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அன்று என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் ரகசியங்கள் எனக்கு வேண்டாம். வெளிக்காவலரின் வேலை எப்போது முடியும், அதை அவருக்கு யார் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். என் அக்காவின் உயிர் இதில் இருக்கிறது. ஏன் என்று எழுதினால் நீங்கள் என்னைப் பைத்தியம் என்பீர்கள். அல்லது, வாளை வாங்க வந்து கேட்டோடு திரும்பிய இரண்டு பேரைக் கேட்டால் நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

இப்படிக்கு,
அவருடைய கொழுந்தியாள்


மே 15

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் தமக்கையார் நலம்பெற எங்கள் வேண்டுதல்கள்.

கேட்டதற்கு விடை சொல்வதில் ரகசியம் ஏதுமில்லை. கூட்டத்தைத் திறப்பதும் மூடுவதும் மாஸ்டரின் சொல்லால் நடப்பவை. மூடியதும் உள்காவலர் கதவைத் திறந்து, வெளிக்காவலரிடம், 'மூடியாயிற்று, வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்வார். அந்தச் சொல் வராமல் வெளிக்காவலர் இடத்தைவிட்டு அசைவதில்லை. அது உள்ளேயிருந்துதான் வர வேண்டும். வெளியிலிருந்து வருபவர் யாராக இருந்தாலும், மாஸ்டரே ஆனாலும், வெளிக்காவலருக்கு அவர் கேள்வி கேட்கப்பட வேண்டியவர்தான்.

அன்று மாஸ்டர் நாற்காலியிலேயே மயங்கிச் சரிந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பக்கவாசல் வழியாக ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தது. முன்வாசலில் சொல்ல விட்டுப்போயிற்று. விடிந்த பிறகு பெருக்க வந்தவர் அவரைப் பார்த்து, கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். மறுமாதம் புதிய மாஸ்டர் முறைப்படி கூட்டத்தை மூடினார். அதைச் சொல்வதற்கு வெளியே ஆள் இல்லை என்று அப்போது நினைத்தோம்.

வாள் அங்கேயே இருக்கட்டும்.

செயலர்


மே 19

அன்புள்ள அக்கா,

சங்கத்துச் செயலரின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படி, பிறகு இதற்கு வா.

படித்தாயா? மாமா உன்னிடம் கேட்டது வாசல் கதவை இல்லை, அக்கா. நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லுக்கு அவர்கள் வீட்டில் ஓர் அர்த்தம், நம் வீட்டில் ஓர் அர்த்தம். ஆனால் மூடவில்லை என்று காதில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிய மனிதர் வேறு என்ன செய்வார்?

இதை எழுதுகிறபோது என் படிப்பு பக்கத்தில் நின்று கைகொட்டிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். சங்கத்து ஆட்களை அழைத்து வந்து வாசலில் சொல்லவைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். செல்லாது. உள்ளேயிருந்து சொல்ல வேண்டும், உள்ளே இருப்பது நீ ஒருத்திதான்.

உனக்கு மனசு வராது என்று தெரியும். நீ தட்டினால் ஒரு பதில் வருகிறது, அதை விட்டுக்கொடு என்கிறேன். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள். ஆனால் டாக்டர் உள்ளே வர வேண்டும். எனக்கு நீ ஒருத்திதான் இருக்கிறாய், எனக்குப் பதில் எழுத வேறு யாரும் இல்லை. தவிர, அவர் எத்தனை நாள் நிற்பார்? கால் வலிக்காதா?

சொல்லிவிடு, அக்கா.

தங்கச்சி


ஜூன் 30

அன்புள்ள பொடிசுக்கு,

நீ அனுப்பிய தந்தி போன்ற கார்டுகள் எல்லாம் வந்தன. உயிரோடுதான் இருக்கிறேன், நன்றாகவும் இருக்கிறேன். நீ இளைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சும்மா இருந்தேன். கால் வலிக்காதா என்று கேட்டாயே, அதுதான் என்னை எழுப்பியது. ஒரு மத்தியானம் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்க் கதவருகே போட்டேன், நிற்க முடியவில்லை. மூன்று தட்டினேன். மூன்று வந்தது. கதவைத் திறந்தேன். வெயிலும் தெருவும் தவிர வாசலில் ஒன்றும் இல்லை. ஆனாலும், எதிரில் யாராவது முதுகைக் காட்டி நின்றால் அந்தப் பக்கத்துக் காற்று எப்படி அடைபட்டு நிற்கும், அப்படி இருந்தது. சொன்னேன். "மூடியாச்சுங்க. வேலை முடிஞ்சது. வீட்டுக்குப் போங்க."

சொல்லிவிட்டு அழுதேன். அழுது முடிக்கும்போதுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அவருக்கு வேறு எந்த வீடு இருக்கிறது?

மறுநாள் டாக்டர் நேராக உள்ளே வந்து, உட்கார்ந்து, மார்பில் கருவியை வைத்துப் பார்த்தார். ஊசி போட்டார், தினமும் வந்து போனார். இப்போது இருமல் இல்லை. பிள்ளைகளும் வருகிறார்கள். அந்தக் குண்டுப் பெண் பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, எதிர் நாற்காலியைப் பார்த்து அசடு வழிகிறாள்.

வாசல் காலியாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். நீ வாயேன், பொடிசு. நாங்கள் இருவரும் எதிர்பார்க்கிறோம்.

உன் அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்கா,

நான் வந்தேன். போன செவ்வாய்க்கிழமை, உன்னிடம் சொல்லாமல்.

சாயங்காலம் உன் தெருவில் இறங்கி, கேட்டைத் திறந்து, படியில் கால் வைத்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. கதவு ஒருக்களித்து இருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கியபோது ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாய். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. வெகு நாளாக நான் பார்க்காத சிரிப்பு. எதிர் நாற்காலி மேஜையிலிருந்து தள்ளி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இழுத்துப் போட்டிருந்தது. நீ எதையோ சொன்னாய், நிறுத்தினாய், காதைச் சாய்த்துக் கேட்டாய். இடது காது, அக்கா. நான் எத்தனை முறை பரிசோதித்தாலும் ஒரு துளிச் சத்தமும் ஏறாத காதை அந்தப் பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, "போங்க, உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று சிரித்தாய்.

என் கை கதவில் படவில்லை. தெருமுனை வரைக்கும் நடந்தேனா ஓடினேனா தெரியாது. ரயிலில் வழியெல்லாம் அழுதேன். பயத்தினால் மட்டும் அழுதேன் என்று சொன்னால் பாதிப் பொய். என் வீட்டில் அப்படி இழுத்துப் போட்ட நாற்காலி எப்போதும் இருந்ததில்லை.

நீ நன்றாக இருக்கிறாய். அதற்காகத்தான் அத்தனை எழுதினேன், அது நடந்துவிட்டது. கொஞ்ச நாள் எனக்கு விடு, மறுபடி வருவேன்.

நான் சுகம்தான். திரும்பி வந்ததிலிருந்து லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே கிடக்கிறேன். கீழ்வீட்டுக்காரர்தான் ஏதோ கோபத்தில் இருக்கிறார் போல. எப்போதும் மேலே வந்து மணிக்கணக்கில் பேசுகிறவர், நேற்று மாடிப்படியில் பாதி ஏறிவிட்டு, கீழே இறங்கிப் போய் அங்கிருந்தே கூப்பிட்டுப் பேசுகிறார்.

தங்கச்சி


ஜூலை 16

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. இதை ஸ்பீடு போஸ்டில் போடுகிறேன், எனக்கு முன்னால் வந்து சேர வேண்டும்.

நீ வந்தது எனக்கு அன்றைக்கே தெரியும். மாமா ஜன்னலைப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி வெளிய நிக்கிறா" என்றார். கூப்பிடுங்கள் என்றேன். எழுந்து போனார். திரும்பி என்னிடம், "அழுதுட்டுப் போறா. துணைக்கு ஆளில்லாம தனியா போறா. வீடு வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன்" என்றார். வாளையும் எடுத்துக்கொண்டார். அது மாட்டியிருந்த ஆணி வெறுமையாக இருக்கிறது.

அன்றிலிருந்து நான் கதவைத் தட்டிப் பார்க்கிறேன். பதில் இல்லை. என் காதுக்கு அது எவ்வளவு நிசப்தம் என்று உனக்குத்தான் தெரியும்.

கவனமாகக் கேள். கீழ்வீட்டுக்காரருக்கு உன் மேல் ஒரு கோபமும் இல்லை. அவரை மேலே வா என்று வற்புறுத்தாதே. நீ வெளியே போகாதே; போனால் உள்ளே வர முடியாது. உனக்கு இரண்டு நாளுக்கு வேண்டியதைக் கயிற்றில் கூடை கட்டி மேலே இழுத்துக்கொள். முக்கியமாக, அந்தச் சொல்லை நீ சொல்லிவிடாதே. நீ சொன்னாலும் உள்ளேயிருந்து வந்த சொல்தான். வீட்டுக்குப் போகலாம் என்று நீ சொன்னால், எந்த வீட்டுக்குள் அவர் வருவார் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைத் தப்பாக நினைக்கவில்லை. நாற்காலியைப் பற்றி நீ எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன்.

நாளை மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஆமாம், நான்தான், வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஸ்டேஷனுக்கே போய் வரிசையில் நின்று எடுத்தேன். நீ மாதக்கணக்கில் கெஞ்சியும் கிளம்பாதவள் கிளம்புகிறேன், சிரித்துக்கொள்.

உன் மாடிப்படியில் நான் ஏறுகிற சத்தம் உனக்குக் கேட்கும். கதவைத் திறக்காதே. வெளியிலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் மாமா கேட்பார். பதில் எனக்குத் தெரியாது. மேல்படியில் நின்று முகத்தை மட்டும் காட்டுவேன். அவருக்கு என்னைத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் வருகிறேன்.

உன் அக்கா